உதிராத பொட்டு

ஆயுத பூஜை அன்று மாலை, மோதிர விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை வான்மதி தன் கணவனின் பனியன் தோளில் துடைத்தாள்.

"நானும் ஒரு ஆயுதமா அம்மணி?" என்றான் ரஞ்சித்குமார்.

"ஆமாங்க மாமா. துருப்புடிச்ச ஆயுதம்."

ஹூஸ்டன் அருகே பேர்லேண்டில், அவர்கள் வீட்டின் கராஜில் மடக்கு மேஜை போட்டு, அதில் வாழையிலை விரித்து, ஸ்பேனர் பெட்டியையும் டிரில் மெஷினையும் காரைத் தூக்கிய பின் முட்டுக் கொடுக்கும் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளையும் அவள் வரிசையாக அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். ஸ்டாண்டுகளுக்கு மட்டும் எங்கே நெற்றி என்று தெரியாமல், காரைத் தாங்கும் தலைப் பள்ளத்தில் வைத்தாள்.

"பூஜையில வெச்சத நாளைக்குக் காலையில வரைக்கும் தொடக்கூடாதுங்க. ஆயில நாளைக்கு மாத்திக்கலாம்."

"சரிங்கம்மணி" என்றான் அவன். சொன்ன பேச்சைக் கேட்கப் போகிறவனின் குரல் அல்ல அது. அவள் தோழி வீட்டுக் கொலுவுக்குக் கிளம்பிப் போனாள். கைப்பையில் சுண்டலோடு திரும்பி வந்தபோது போலீஸ் விளக்குகளில் தெருவே சிவப்பும் நீலமுமாகச் சுழன்றுகொண்டிருந்தது.

பொங்கல் நெருங்கிய ஒரு சனிக்கிழமை, அந்தக் கராஜ் கதவு மறுபடி உயர்ந்தது. வெளியே மழை வரவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த டெக்சஸ் வானம். உள்ளே பழைய ரப்பர் வாசனை. வாழையிலை சருகாகிவிட்டது. எலுமிச்சம்பழம் கல்லாகிவிட்டது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. அன்றைக்குப் பிறகு யாரும் அதன் சாவியைக்கூடத் தொடவில்லை.

"இதான் வண்டிங்களா?" என்று கேட்டபடி நுழைந்தார் நாகலக்ஷ்மி. சாயம் போடாத முடி, பாதிக்கு மேல் நரை. இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விசாரித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் லைசென்ஸ் வைத்திருப்பவர். ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பின்னாலேயே வந்தவன் ஷ்ரேயஸ், அவருடைய உதவியாளன். வயது முப்பத்தைந்தைத் தாண்டியவன்.

"சாஃப்ட்வேர் டெஸ்டரா இருந்தேங்க" என்று தானாகவே அறிமுகம் செய்துகொண்டான். "க்ரீன் கார்டு வந்த மறுவாரம் வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. அன்னைக்குலேர்ந்து மேடம்கிட்ட. அங்க கோடுல பக் தேடினேன். இங்க மாப்பிள்ளைங்ககிட்ட தேடறேன். இங்கதான் ஜாஸ்தி."

"ஷ்ரேயஸ், வாய மூடு. நீங்க சொல்லுங்கம்மா."

வான்மதி சொன்னாள். சொல்லுவதற்கு அதிகம் இல்லை. ரஞ்சித்தின் நண்பர் சேனாபதி, அடுத்த தெருக்காரர், கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். அன்று காரைத் தூக்கும் தன் டிராலி ஜாக்கை ரஞ்சித்துக்கு இரவல் கொடுத்திருந்தார். எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தபோது கார் ரஞ்சித்தின் மேல் இறங்கிக் கிடந்தது என்று போலீசிடம் சொன்னார். பழைய ஆயிலை வடிக்க அடியில் படுத்திருந்திருப்பான், ஜாக் வழுக்கிவிட்டது என்றார். ஸ்டாண்டு இரண்டும் பூஜை மேஜையில் பொட்டோடு இருந்தன. ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே போய்விட்டான் என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது.

"ஏன் ஸ்டாண்டு வெக்கலைன்னு கேட்டவங்களுக்கெல்லாம் சேனாபதி அண்ணன் ஒண்ணுதானுங்க சொன்னாரு. 'பூஜையில வெச்சதத் தொடக்கூடாதுன்னு வான்மதி சொல்லிப்போட்டா, அதான்'னு." அவள் வாழையிலைச் சருகைக் கிள்ளினாள். "அவரு தப்பாச் சொல்லலீங்க. நாஞ் சொன்னேன்."

"வீட்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"எங்க மாமியாரு ராமாத்தாள்னு பேருங்க. ஊர்ல இருக்காங்க. காரியத்தன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை பேசினாங்க. 'உன்ற சாமி எம் பையனத் தின்னுருச்சு'ன்னு. அப்பறம் ஃபோனே எடுக்கறதில்லீங்க."

நாகலக்ஷ்மி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சரி, எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"இன்னைக்கு இந்த வண்டியப் பழைய இரும்புக்கு எடுத்துட்டுப் போறாங்க. அண்ணன்தான் ஏற்பாடு பண்ணுனாரு. 'இதப் பாத்துட்டே எத்தனை நாளைக்கும்மா அழுவ'ன்னாரு. நேத்து மேஜையக் காலி பண்ணலாம்னு ஸ்டாண்டைத் தட்டுனனுங்க. பொட்டு உதிரல."

நாகலக்ஷ்மி மேஜைக்கு அருகே போய்க் குனிந்தார். ஸ்பேனர் பெட்டியின் மேல் மெல்ல ஊதினார். பெட்டியின் பொட்டு தூளாகப் பறந்தது. டிரில் மெஷினின் பொட்டு ஏற்கெனவே பாதி உதிர்ந்திருந்தது. பிறகு ஸ்டாண்டின் தலைப் பள்ளத்தில் ஊதினார். ஒரு துகள்கூட அசையவில்லை. டிஷ்யூ பேப்பரால் ஓரத்தைத் தொட்டார். சிவப்பு, பளபளப்போடு இழுபட்டு வந்தது.

மூக்கருகே கொண்டுபோனார். "எண்ணெய்."

"தண்ணியில கொழைச்ச குங்குமம் காஞ்சா உதிரும்" என்றான் ஷ்ரேயஸ். "எண்ணெயில கொழைச்சா ஃபெவிகால். அந்த டேபிள்ல எல்லாப் பொட்டும் எக்ஸ்பயர் ஆயிடுச்சு, இது ரெண்டு மட்டும் லைஃப்டைம் வாரண்டி."

"நீங்க எதுல கொழைச்சீங்க?" என்றார் நாகலக்ஷ்மி.

"பன்னீர்லீங்க. அதுவும் சந்தனத்தைத்தான். குங்குமத்தை அது மேல வறட்டா வெப்பேன்." வான்மதி ஃபோனை எடுத்தாள். அன்று சொந்தக்காரர்களின் குழுவுக்கு அனுப்பிய படம் அது. வாழையிலை, விளக்கு, ஸ்டாண்டின் தலையில் மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு. இப்போது மேஜையில் இருந்த ஸ்டாண்டில் மஞ்சளே இல்லை. வெறும் சிவப்பு.

அவள் படத்தையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று மாதமாகத் தினமும் இந்த மேஜையைத் தாண்டித்தான் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளிக்கொண்டு போனாள். ஒரு தடவைகூட உற்றுப் பார்க்கவில்லை.

"அந்த மஞ்சள் எங்க போச்சு?" என்றார் நாகலக்ஷ்மி. "ஷ்ரேயஸ், காரோட முன்பக்கம், கதவுக்குக் கீழ ஓரமா ஒரு இரும்பு விளிம்பு இருக்கும். ஸ்டாண்டு அங்கதான் உக்காரும். படம் எடு."

ஷ்ரேயஸ் தரையில் படுக்கப் போனான்.

"நீ படுக்காதே. ஃபோன மட்டும் குச்சியில மாட்டி உள்ள விடு."

"மேடம், வண்டி நாலு சக்கரத்துலயும் நிக்குது."

"ஒரு ஆள் இந்த வண்டிக்கு அடியில போயிருக்கார். அது போதும்."

செல்ஃபி குச்சி உள்ளே போய் வெளியே வந்தது. மூவரும் படத்தின் மேல் குனிந்தார்கள். தூசி படிந்த கருப்பு விளிம்பில், பிறை நிலா மாதிரி ஒரு மஞ்சள் தடம். நடுவில் சிவப்புத் தீற்றல். மறுபக்கமும் அப்படியே ஒன்று.

"காருக்குப் பொட்டு வெச்சிருக்கு, ஸ்டாண்டு" என்றான் ஷ்ரேயஸ். ஆனால் அவன் குரலில் சிரிப்பு இல்லை.

வான்மதிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அப்ப அவரு ஸ்டாண்டு வெச்சாருங்களா?"

"வெச்சிருக்கார். ரெண்டு பக்கமும், வெக்க வேண்டிய எடத்துல."

"எம் பேச்சைக் கேக்கலீங்களா?"

"கேக்கல."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மனிதன் அவள் பேச்சைக் கேட்காமல் செய்த காரியங்களிலேயே இதுதான் அவளுக்குப் பிடித்தது.

நாகலக்ஷ்மி அவள் தோளில் கை வைத்தார். பிறகு காரின் முன்மூடியைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தார். தேன் நிறத்தில் ஆயில், மேல் கோட்டுக்கும் ஒரு நூல் மேலே.

"புது ஆயில். முழுசா ஊத்தி முடிச்சாச்சு. அப்பறம் இன்ஜின ஒரு தரம்கூட ஓட்டல. ஓட்டியிருந்தா ஃபில்டர் கொஞ்சம் குடிச்சிருக்கும், லெவல் எறங்கியிருக்கும். வடிக்கறப்போ வழுக்கிடுச்சுன்னு சேனாபதி சொன்னது சரியில்ல. வேலை முடிஞ்சுபோச்சு. வண்டிய எறக்கற நேரம் அது."

"எறக்கணும்னா மொதல்ல ஜாக்கால ஒரு துளி தூக்கி, ஸ்டாண்ட உருவணும்" என்றான் ஷ்ரேயஸ். "அப்ப ரஞ்சித் சாரே உருவி, வொய்ஃபுக்குத் தெரியக்கூடாதுன்னு டேபிள்ல வெச்சு, புதுப் பொட்டும் வெச்சிருக்கலாம்ல? நானா இருந்தா அதைத்தான் செய்வேன். எனக்கு வொய்ஃப் இல்ல, அது வேற விஷயம்."

வான்மதி ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியென்றால் மறுபடியும் அவள் சொன்ன சொல்தான் காரணம்.

"கையுறை போட்டிருந்தாரா?" என்றார் நாகலக்ஷ்மி.

"போட்டிருந்தாருங்க. நீல ரப்பரு. ஆயிலு நகத்துல ஏறுனா ஆபீஸ்ல அசிங்கமா இருக்கும்பாரு. ஆஸ்பத்திரியில குடுத்த பையில ரெண்டும் இருந்துச்சு. அந்தப் பையை இன்னும் பிரிச்சு வெக்கலீங்க."

நாகலக்ஷ்மி ஃபோன் வெளிச்சத்தை ஸ்டாண்டின் மேல் சாய்த்துப் பிடித்தார். எண்ணெயில் உறைந்த சிவப்பில், சந்தன மரத்தை வெட்டினால் தெரியும் வளையங்கள் மாதிரி, மெல்லிய கோடுகள்.

"ரப்பருக்கு ரேகை கிடையாது."

"கைநாட்டு வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றான் ஷ்ரேயஸ் மெதுவாக.

"இன்னொண்ணும் தெரியுது. இந்த ஊர்க்காரன் யாராவது இதைச் செஞ்சிருந்தா ஸ்டாண்டைத் தூக்கி மேஜையில வெச்சுட்டுப் போயிருப்பான். பூஜையில இருக்கற சாமானுக்குப் பொட்டு இல்லைன்னா இந்த வீட்டு அம்மா கண்டுபுடிச்சுடுவாங்கன்னு பயந்தவன் நம்ம ஆளு. அதுலயும் கையில எண்ணெய் இருந்த ஆளு."

மூலையில் அந்த டிராலி ஜாக் கிடந்தது. போலீஸ் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அங்கேயே கிடக்கிறது. அதன் கைப்பிடி செருகும் குழாயிலிருந்து வழிந்த எண்ணெய், சிமெண்டுத் தரையில் கருப்பாக ஒரு வட்டம் போட்டிருந்தது. அந்த வட்டம் மாதாமாதம் பெரிதாகிக்கொண்டு வந்ததை வான்மதி பார்த்திருக்கிறாள்.

டிரைவ்வேயில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது.

"அவருதானுங்க" என்றாள் வான்மதி.

"நான் உங்க ஃப்ரெண்டு. இவன் என் தம்பி. அவ்வளவுதான்" என்றார் நாகலக்ஷ்மி.

சேனாபதி உள்ளே வந்தார். கனத்த உடம்பு, நல்ல மனிதருக்குரிய முகம். உடலை ஊருக்கு அனுப்புகிற வேலை முழுக்க அவர்தான் அலைந்து முடித்தார். வாரம் தவறாமல் பேர்லேண்ட் மீனாக்ஷி கோவிலிலிருந்து பிரசாதம் கொண்டுவந்து கொடுப்பார். இன்றைக்கும் கையில் ஒரு பொட்டலம்.

"சாப்டியா கண்ணு? இழுத்துட்டுப் போற டோ வண்டி பின்னாலயே வருது. என்ற ஜாக்கையும் எடுத்துக்கறேன். அந்த ஸ்டாண்டு உனக்கு எதுக்கு, அதையும் குடு, போட்டறலாம்."

வான்மதி கையை நீட்டினாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். விபூதி வாசனை வந்தது.

ஷ்ரேயஸ் முன்னால் போனான். "அங்கிள், இந்த ஜாக்கு உங்களுதா? எனக்கும் ஒண்ணு வாங்கணும். எது வாங்கறதுன்னே தெரியல. வீடியோ பாத்தா ஒவ்வொருத்தன் ஒண்ணு சொல்றான்."

கருவிகளைப் பற்றிக் கேட்டால் சேனாபதிக்கு முகம் மலரும். இப்போதும் லேசாக மலர்ந்தது. "என்ன வண்டி?"

"செடான்."

"அப்ப தாழ்வா நுழையற ஜாக்கா வாங்கு. இல்லாட்டி பம்பர்ல முட்டும். வண்டி எடை கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல இருக்கும், பாரு. ரெண்டு டன்னு போதும்பாங்க. நீ மூணு வாங்கு. இத மாதிரி எண்ணெய் கசியறத வாங்காத, கசிய ஆரம்பிச்சா வெச்சுக்காத."

"எங்க வெச்சுத் தூக்கணும்?"

"சமதரையில. டிரைவ்வே சரிவுல வெக்கவே கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக் குடு. எந்த எடத்துல தூக்கறதுன்னு வண்டிக்காரன் புஸ்தகத்துல போட்டிருப்பான், அதுலதான் தூக்கோணும். ஜாக்கு தூக்கறதுக்கு மட்டும்தான் தம்பி. தாங்கறது ஸ்டாண்டு. ஸ்டாண்டு வெச்சு, வண்டி எடைய அது மேல எறக்கி, வண்டிய ஒரு குலுக்கு குலுக்கிப் பாத்துப்போட்டுத்தான் உள்ள போகோணும்."

"உங்க ஃப்ரெண்டுக்கும் இதெல்லாம் தெரியுமா அங்கிள்?"

"நாந்தான சொல்லிக் குடுத்தேன்." சொல்லிவிட்டுச் சேனாபதி வான்மதியைப் பார்த்தார். பார்வையைத் தரைக்கு இறக்கினார். "அன்னைக்குத்தான் அவனுக்கு... பூஜைன்னு..."

"சரி, தூக்கியாச்சு" என்றார் நாகலக்ஷ்மி, சமையல் குறிப்பு கேட்பது போல. "எறக்கறது எப்படிங்க?"

சேனாபதி ஜாக்கைப் பார்த்தார். சுவரோரத்து வாட்டர் ஹீட்டர் கிளிக் என்றது.

"கைப்பிடிய இடது பக்கம் திருப்போணும். மெதுவா. துளித்துளியா. ஒரேயடியாத் திருப்புனா வண்டி தடால்னு எறங்கிரும்."

"அவ்வளவுதானா?"

"ஸ்டாண்ட உருவுனதுக்கு அப்பறம் அடியில ஒரு விரல்கூடப் போகக்கூடாது. திருப்பறதுக்கு முன்னாடி..." அவர் நாக்கால் உதட்டைத் தடவினார். "சத்தம் குடுத்தாப் பத்தாது. குனிஞ்சு கண்ணால பாக்கோணும். சத்தம் குடுத்தாப் பத்தாது தம்பி."

கேட்டது வான்மதிதான். தன் குரல் தனக்கே பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல இருந்தது.

"நீங்க சத்தம் குடுத்தீங்களாண்ணா?"

சேனாபதி மேஜையைப் பார்த்தார். ஸ்டாண்டுகளைப் பார்த்தார். அவருடைய பெரிய உடம்பு மெல்ல, காற்று இறங்குவது போல, கராஜ் படியில் உட்கார்ந்தது.

"'எறக்கறேன்டா'ன்னேன் கண்ணு. பதில் வரல. கை கழுவ உள்ள போயிட்டான்னு நெனச்சேன். டார்ச் லைட்ட அடியில விட்டுப்போட்டான். அத எடுக்கப் போயிருக்கான். எனக்குத் தெரியலியே..." முகத்தை மூடிக்கொண்டார். "வேணும்னு செய்யல. மீனாக்ஷி மேல சத்தியமா வேணும்னு செய்யல."

"அது எனக்குத் தெரியுங்ணா" என்றாள் வான்மதி. அவளுக்கு நிஜமாகவே தெரிந்திருந்தது. கை தவறுவது யாருக்கும் நடக்கும். அவர் இதை மட்டும் சொல்லியிருந்தால், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளும் அழுதிருப்பாள். "எம் பேர எதுக்குச் சொன்னீங்க?"

முகத்திலிருந்து கையை எடுத்த அவர் மறுபடி ஸ்டாண்டுகளைப் பார்த்தார்.

நாகலக்ஷ்மி மேஜையிலிருந்து ஒரு ஸ்டாண்டை டிஷ்யூவால் பிடித்து எடுத்து, அவர் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பொட்டு வெச்சுட்டு 911 கூப்பிட்டீங்களா? கூப்பிட்டுட்டுப் பொட்டு வெச்சீங்களா?"

இவ்வளவு நேரமும் வான்மதிக்குத் தோன்றாத கேள்வி அது. ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்போது உயிர் இருந்ததா என்று அன்று இரவு அவள் டாக்டரிடம் கேட்டாள். அவர்கள் வருவதற்குச் சற்று முன்தான் போயிருக்கிறது என்றார் அவர். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஏதோ ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மிச்சத்தை அவள் அதன்பின் யாரிடமும் கேட்கவில்லை.

சேனாபதியின் வலது கைக் கட்டைவிரல், அவருக்குத் தெரியாமலேயே, மோதிர விரலின் நுனியைத் தேய்க்க ஆரம்பித்தது. எதையோ துடைப்பது போல. துடைத்தும் போகாததை மறுபடி மறுபடி துடைப்பது போல.

ஷ்ரேயஸ் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் யாருக்கோ தணிந்த குரலில் முகவரி சொல்வது கேட்டது.

டோ டிரக் பீப் பீப் என்று பின்னால் வந்து டிரைவ்வேயில் ஏறியது. கொக்கிச் சங்கிலி கிலுங்கியது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, இதுதானா வண்டி என்று ஆங்கிலத்தில் கேட்டார். வான்மதி மழைத் தூறலில் வெளியே போய், இன்றைக்கு இல்லை என்றாள். பிறகு எப்போது என்றார். தெரியாது என்றாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

முதலில் ராமாத்தாளுக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று நினைத்தாள். ஊரில் இப்போது நடுஇரவு இருக்கும். எடுக்காவிட்டாலும் எடுக்கிறவரை அடிக்க வேண்டும். உங்கள் பையன் என் பேச்சைக் கேட்கவில்லை அத்தை என்று சொல்ல வேண்டும்.

திரும்பி வந்தபோது காரின் முன்மூடி இன்னும் திறந்தே இருந்தது. சேனாபதி படியில் உட்கார்ந்தபடியே இருந்தார். நாகலக்ஷ்மி அவருக்கும் வாசலுக்கும் நடுவே நின்றார். வான்மதி இரண்டு பேரையும் தாண்டிப் போய் அந்தக் கம்பியை உருவினாள். புடவை நுனியில் துடைத்தாள். விட்டு எடுத்தாள்.

ஆயில் தேன் நிறத்திலேயே இருந்தது. மேல் கோட்டுக்கு ஒரு நூல் மேலே.